உங்கள் பெயரின் உறுதி யாரிடம் இருக்கிறது?

ஒரு மரண அறிவித்தல் உரியவர்களைச் சென்றடையவில்லை. அதனாலேயே இப்பதிவை எழுதவேண்டி நேர்ந்தது.

ஓய்வுபெற்ற பத்திரிகைத் துறையினருக்கான நலன்புரிச் சங்கம் ஒன்றின் நிர்வாகக் குழுவில் நான் அங்கம் வகிக்கிறேன். சங்கத்தின் பெயர் இங்கு அவசியமில்லை. சில மாதங்களுக்கு முன்னர் எங்களோடு நாற்பது ஆண்டுகள் பணியாற்றிய அச்சுக்கோப்பாளர் ஒருவர் காலமானார். மறுநாள் பிற்பகல் தகனம். அன்றிரவே சங்கத்தின் சொந்த முகவரியிலிருந்து 412 பேருக்கு மின்னஞ்சல் அனுப்பினோம். கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கின்ற பழைய நண்பர்கள் பலர் அம்மடலைக் காணவேயில்லை. ஒரு வாரம் கழித்து, “எங்களுக்கு ஒரு சொல் சொல்லக்கூடாதா?” என்று தொலைபேசியில் கேட்டார்கள். தேடிப் பார்க்கச் சொன்னோம். ஸ்பாம் என்ற குப்பைப் பெட்டிக்குள், பரிசுச்சீட்டு மோசடிக் கடிதங்களுக்கு நடுவில், எங்கள் தோழரின் மரண அறிவித்தல் கிடந்தது.

அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் எழுந்த கூக்குரலை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம். “தமிழில் எழுதினால் கூகிள்காரன் ஒதுக்குகிறான்” என்றார் ஒருவர். “பெரிய நிறுவனங்களின் சதி” என்றார் மற்றொருவர். கண்டனத் தீர்மானம் ஒன்றை நிறைவேற்றிப் பத்திரிகைகளுக்கு அனுப்பவேண்டும் என்ற பிரேரணையும் வந்தது. அதை எதிர்த்துப் பேசியவன் நான் ஒருவனே. அன்று நேரமின்மையால் அரைகுறையாகச் சொன்னதை இங்கு முழுமையாகச் சொல்கிறேன். இதே கூக்குரலைக் கோயில் பரிபாலன சபைகளிடமும் பழைய மாணவர் சங்கங்களிடமும் சிறு பத்திரிகைகளிடமும் கேட்டு அலுத்துவிட்டேன். என் வாதம் இதுதான்: எங்கள் மடல் குப்பைக்குப் போனதற்கு முதற் குற்றவாளி கூகிள் அல்ல. எங்கள் பெயருக்கு நாங்களே உரித்தாளிகள் என்பதை நிரூபிக்க வக்கற்றிருந்த நாங்கள்தான்.

பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானம் படிக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் விடயத்தைச் சொன்னேன். அவள் இரண்டே வசனங்களில் எங்கள் சங்கத்தின் நிலைமையை அம்பலமாக்கினாள். “அங்கிள், மடல் ஏன் ஸ்பாமுக்குப் போகுதெண்டு பார்க்கிறதெண்டால் முதல்லை டொமைன் உங்கடை எண்டு காட்டவேணும். அதின்ரை டிஎன்எஸ் பாஸ்வேர்ட் ஆரிட்டை இருக்கு?”

தலைவர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் பொருளாளரைப் பார்த்தார். ஒருவரிடமும் இல்லை.

இனி அந்தக் கேள்வியின் பொருளை விளக்கவேண்டும். ஜிமெயில் முகவரிகளுக்குச் செல்லும் மடல்கள் என்னவாகின்றன என்பதை அனுப்புவோர் கண்காணிக்க, 2015ஆம் ஆண்டு முதல் கூகிள் நிறுவனம் போஸ்ட்மாஸ்டர் டூல்ஸ் என்ற இலவசச் சேவையை நடத்திவருகிறது. எங்கள் ஆள்களத்திலிருந்து வந்த மடல்களை எத்தனை சதவீதமானோர் ஸ்பாம் என்று முறையிட்டனர், எத்தனை சதவீத மடல்கள் உரிய அத்தாட்சியோடு வந்தன, விதிகளில் எவற்றை நாங்கள் மீறுகிறோம் என்பன அங்கு தெரியும். இவை ஒரு நிறுவனத்தின் அந்தரங்க விபரங்கள். கேட்டவர்க்கெல்லாம் காட்டக்கூடியவை அல்ல. ஆகவே கூகிள் முதலில் ஒரு நிபந்தனை விதிக்கிறது. நீண்டதோர் எழுத்துச்சரத்தைத் தந்து, “இதை உன் ஆள்களத்தின் டிஎன்எஸ் பதிவுகளுக்குள் ஒரு வரியாகச் சேர்த்துவிட்டு வா” என்கிறது. சேர்த்தால் நீ உரித்தாளி. சேர்க்க முடியாவிட்டால் வாசலிலேயே நில்.

டிஎன்எஸ் என்பது 1983இல் போல் மொக்கபெற்றிஸ் என்ற அமெரிக்க அறிஞர் வகுத்த ஆள்களப் பெயர் முறைமை. நாம் தட்டச்சுச் செய்யும் பெயரை எந்தக் கணினிக்குக் கொண்டுசெல்வது, அப்பெயருக்கு வரும் மடலை எங்கே ஒப்படைப்பது என்பவற்றைச் சொல்லும் பகிரங்கப் பதிவேடு அது. உலகில் எவரும் படிக்கலாம். அந்தப் பெயரின் திறப்பை வைத்திருப்பவர் மாத்திரமே எழுதலாம். “இந்த வீடு உன்னுடையதானால், நான் தரும் தாளை உள்ளேயிருந்து மேல்மாடி யன்னலில் ஒட்டிக்காட்டு” என்று கேட்பதைப் போன்றது இந்தச் சோதனை. வீதியில் போகும் எவரும் தாளைப் பார்க்கலாம். திறப்பு உள்ளவரே ஒட்டலாம்.

இதை அவமானம் என்று கொதித்த நண்பர்களிடம் நான் கேட்டது இதுதான். நாங்கள் பத்திரிகைக் கந்தோரில் என்ன செய்தோம்? மரண அறிவித்தலைத் தொலைபேசியில் சொன்னால் ஏற்றுக்கொண்டோமா? கிராம சேவையாளரின் கடிதத்தைக் கொண்டுவா என்றோம். உயிரோடு இருப்பவரின் பெயரில் மரண அறிவித்தல் போட்டுப் பகை தீர்க்க முனைந்தவர்களை எங்கள் தலைமுறை கண்டிருக்கிறது. பெயரும் முகவரியும் இல்லாத வாசகர் கடிதத்தைக் குப்பைக் கூடைக்குள் போட்டோம். அதைச் சதி என்று எவராவது சொன்னாரா? உறுதிப்படுத்தாத செய்தியை அச்சேற்றாதே என்று இளையவர்களுக்குப் போதித்தே தலை நரைத்தவர்கள் நாங்கள். அதே சோதனை எங்கள் பக்கம் திரும்பும்போது மாத்திரம் கூக்குரல் இடுவது என்ன நியாயம்?

மின்னஞ்சலுக்கு இச்சோதனை ஏன் தேவைப்பட்டது என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1982 ஓகஸ்டில் ஜொன் பொஸ்ரெல் எழுதிய ஆர்எஃப்சி 821 என்ற ஆவணம்தான் இன்றைய மின்னஞ்சல் பரிமாற்றத்தின் அடித்தளம். ஒருவரையொருவர் நம்பிய சிறு ஆய்வாளர் வட்டத்திற்காக எழுதப்பட்டது அது. அனுப்புநர் என்ற இடத்தில் யாருடைய பெயரையும் எழுதலாம். சரிபார்க்க வழி இல்லை. தபாலுறையின் பின்புறத்தில் ஜனாதிபதியின் முகவரியை எழுதி எவரும் பெட்டியில் போடலாம் அல்லவா, அதைப் போல. அந்த ஓட்டையைப் பின்னர் மூன்று பூட்டுகளால் அடைத்தார்கள். இந்தப் பெயரில் மடல் அனுப்ப எந்தக் கணினிகளுக்கு அனுமதி உண்டு என்று பட்டியலிடுவது எஸ்பிஎஃப். மடலில் இடும் இலக்கமுறை முத்திரை டிகேஐஎம். இரண்டும் பொய்த்தால் மடலை என்ன செய்வது, யாருக்கு அறிக்கை அனுப்புவது என்று கட்டளையிடுவது டிமார்க். அதன் ஆவணம் 2015இல் வெளியானது.

நண்பர்கள் கவனிக்கவேண்டிய இடம் இதுதான். இம்மூன்று பூட்டுகளும் அந்த ஒரே டிஎன்எஸ் பதிவேட்டிலேயே எழுதப்படுகின்றன. உரித்தை நிரூபிக்கும் வரியும் அங்கேயே எழுதப்படுகிறது. அதனால் அந்த ஒரு வரியைச் சேர்க்க முடியாத நிறுவனத்தால் மற்ற மூன்றையும் சேர்க்க முடியாது. கண்காணிப்புச் சேவையை நாடிப் போன எங்களுக்கு, அதன் வாசலிலேயே நோய் இன்னதென்று தெரிந்துவிட்டது.

2024 பெப்ரவரியிலிருந்து இது ஆலோசனை என்ற நிலையைக் கடந்து நிபந்தனையாகிவிட்டது. கூகிளும் யாஹூவும் அம்மாதம் முதல் புதிய விதிகளைக் கொண்டுவந்தன. யாராக இருந்தாலும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் ஆகியவற்றுள் ஒன்றாவது இருக்கவேண்டும். நாளொன்றுக்கு 5000 மடல்களுக்கு மேல் ஜிமெயிலுக்கு அனுப்புவோருக்கு மூன்றுமே இருக்கவேண்டும். ஸ்பாம் முறைப்பாடுகள் 0.3 சதவீதத்தை எட்டக்கூடாது, 0.1 சதவீதத்திற்குக் கீழே வைத்திருப்பதே நல்லது. மைக்ரோசொஃப்ட் நிறுவனமும் 2025 மே மாதத்தில் தன் ஹொட்மெயில், அவுட்லுக் முகவரிகளுக்காக இதே பாதையில் இறங்கியது. எங்கள் மூத்தோரில் பெரும்பாலானோர் இந்த மூன்று நிறுவனங்களின் முகவரிகளைத்தான் வைத்திருக்கிறார்கள். தமிழில் எழுதியதால் அல்ல, தாளில்லாமல் போனதால் எங்கள் மடல் நிறுத்தப்பட்டது. ஆங்கிலத்தில் எழுதியிருந்தாலும் அதே கதிதான்.

இப்போது எங்கள் குற்றத்திற்கு வருகிறேன். எங்கள் ஊரில் ஒரு பரப்புக் காணி வாங்கினாலும் நொத்தாரிசிடம் போகிறோம். உறுதி முடிக்கிறோம். காணிப் பதிவகத்தில் பதிகிறோம். ஒல்லாந்தர் காலத்துத் தோம்பில் பாட்டனின் பெயர் இருந்ததைச் சொல்லிப் பெருமைப்படுகிறோம். ஆனால் சங்கத்தின் பெயரை உலகுக்கு அறிவிக்கும் ஆள்களத்தைப் பதியும்போது, “தம்பி, நீ ஒருக்கால் செய்துவிடு” என்று யாரோ ஒரு பையனிடம் சொல்லிவிட்டு எழுந்துவிடுகிறோம். அவன் தன் பெயரில், தன் மின்னஞ்சல் முகவரியில், தன் கடனட்டையில் பதிகிறான். இணையத்தளம் தோன்றுகிறது. தலைவர் விளக்கேற்றி அங்குரார்ப்பணம் செய்கிறார். புகைப்படம் பத்திரிகையில் வருகிறது. உறுதி யாருடைய பெயரில் முடிந்தது என்று எவரும் கேட்பதில்லை.

ஆள்களத்தைப் பதிவு செய்வது ஒன்று, அதன் டிஎன்எஸ் பதிவேட்டை நிர்வகிப்பது இன்னொன்று, இணையத்தளத்தின் கோப்புகளை வைத்திருப்பது வேறொன்று. இம்மூன்றும் மூவரிடமும் இருக்கலாம், ஒருவரிடமும் இருக்கலாம். தளத்தில் செய்தி ஏற்றக் கடவுச்சொல் இருப்பதனாலேயே தாம் உரித்தாளர் என்று எண்ணிக்கொண்டிருக்கும் செயலாளர்கள் எத்தனை பேர்! வாடகை வீட்டின் முற்றம் பெருக்குபவன் அந்த வீட்டுக்குச் சொந்தக்காரன் ஆவதில்லை. வருடாந்தக் கட்டணம் செலுத்துவதும் போதாது. பிறர் பெயரிலுள்ள ஆதனத்துக்கு ஆதனவரி கட்டுவதைப் போன்றதே அது.

இணையத்தளம் அமைத்துக்கொடுக்கும் கடைக்காரர்களையும் விடமுடியாது. எல்லோரையும் சொல்லவில்லை, நேர்மையானவர்களை அறிவேன். ஆனால் வாடிக்கையாளரின் பெயரைத் தம் கணக்கிலேயே பதிந்துவைத்து, அவர் வேறிடம் போக முனையும்போது திறப்பைத் தர மறுப்பது அல்லது அதற்குத் தனிக் கட்டணம் கேட்பது ஒரு வியாபாரத் தந்திரமாகவே ஆகிவிட்டது. உறுதியைத் தன் லாச்சிக்குள் பூட்டிவைக்கும் நொத்தாரிசை நாங்கள் சும்மா விடுவோமா?

யுத்தத்தால் இடம்பெயர்ந்தவர்கள் தம் காணிகளைப் பிறரின் பத்தாண்டு ஆட்சியினால் இழந்துவிடக்கூடாது என்பதற்காக 2016இல் நாடாளுமன்றம் ஆட்சியுரிமை தொடர்பான சிறப்பேற்பாட்டுச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. உறுதி எரிந்துபோனவருக்கும் அயலவர் சாட்சி சொல்வர். பெயர்ப் பதிவேட்டின் சோதனை அயலவரைக் கேட்பதில்லை. அந்த வரியைச் சேர்த்தாயா இல்லையா என்ற ஒன்றைத்தான் அது பார்க்கும்.

அதே காரணத்தால் எதிர்ப்புறத்து ஆபத்தும் உண்டு. பதிவேட்டில் கைவைத்தவன் எவனோ அவனே உரித்தாளியாகத் தோற்றமளிப்பான். 2021 பெப்ரவரி 6ஆம் திகதி, கூகிள் நிறுவனத்தின் டொட் எல்கே முகவரி உட்படச் சில இலங்கை ஆள்களங்களுக்குச் சென்றவர்கள், நாட்டின் சமூகப் பிரச்சினைகள் பற்றிய வாசகங்கள் அடங்கிய வேறொரு பக்கத்திற்குத் திருப்பிவிடப்பட்டதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். கூகிளின் பெயரே இந்த நாட்டில் சில மணிநேரம் திசைமாற்றப்படக்கூடுமாயின், பையன் ஒருவனின் பழைய கடவுச்சொல்லில் தொங்கும் எங்கள் சங்கங்களின் பெயர்கள் எம்மாத்திரம்?

சில ஆட்சேபங்களுக்கும் பதில் சொல்லவேண்டும்.

“இந்தத் தொல்லை எதற்கு, இலவச ஜிமெயில் முகவரி ஒன்றிலிருந்தே அனுப்பலாமே” என்கிறார்கள். அனுப்பலாம். ஆனால் அந்த முகவரி சங்கத்தினுடையது அல்ல, அதைத் திறந்த தனிமனிதருடையது. அவர் மறைந்தால் அதுவும் மறையும். சங்கத்தின் பெயரைச் சற்றே மாற்றி எவரும் இன்னொன்றைத் திறந்து நன்கொடை கேட்கலாம். வாசிப்பவருக்கு வித்தியாசம் தெரியாது.

“வட்ஸ்அப் குழு இருக்கிறதே” என்கிறார்கள். அந்தக் குழு யாருடைய தொலைபேசி இலக்கத்தில் இருக்கிறது என்று பாருங்கள். நான் சொல்லும் நோய் அங்கு இன்னும் முற்றியிருக்கிறது.

“ஒருமுறை உறுதிப்படுத்தினால் வேலை முடிந்தது” என்கிறார்கள். முடியவில்லை. அந்த வரியை நீக்கினால் உங்கள் உரித்தும் நீங்கும். அதே போல், முன்பு உங்களுக்கு வேலை செய்துவிட்டுப் போனவர் தன் கணக்குக்காகச் சேர்த்த வரி இன்னும் அங்கே இருக்குமானால், அவரும் இன்றுவரை உரித்தாளியே. உங்கள் மடல்களின் நிலவரம் அவருக்கும் தெரியும். பழைய வேலைக்காரனிடமிருந்து திறப்பை வாங்காமல் அனுப்பிவைத்தவரின் கதை இது.

நான் கூகிளுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று எவரும் எண்ணவேண்டாம். அந்நிறுவனங்கள் மீதும் எனக்குக் குற்றச்சாட்டு உண்டு. பல்லாயிரம் மடல் அனுப்பும் வியாபாரிக்கு அவை விபரங்களை அள்ளித் தருகின்றன. எங்களைப் போல மாதத்திற்கு நானூறு அனுப்புவோருக்கு, உரித்தை நிரூபித்த பின்னரும், போதிய தரவு இல்லை என்று வெற்றுப் பக்கத்தைக் காட்டுகின்றன. அறுநூறு பேருக்கு அனுப்பும் ஒரு சபையின் மடலை இரண்டே பேர் தவறுதலாக ஸ்பாம் என்று அழுத்தினால் 0.33 சதவீதம் ஆகிவிடும், எல்லை கடந்துவிடும். மைக்ரோசொஃப்ட்டின் கண்காணிப்புச் சேவையோ ஆள்களத்தைக் கேட்பதில்லை, அனுப்பும் கணினியின் ஐபி இலக்கத்தின் உரித்தைக் கேட்கிறது. ஒரே சேர்வரை நூறு பேரோடு பகிர்ந்துகொள்ளும் எங்களுக்கு அது எட்டாக்கனி. முறையிடப் போனால் படிவம் இருக்கும், பதில் சொல்ல மனிதர் இருக்கமாட்டார். உலகின் அஞ்சலில் பெரும்பங்கைக் கையில் வைத்திருப்போருக்குச் சிறியவர்கள் மீது ஒரு கடமை உண்டு. அதை அவர்கள் செய்யவில்லை.

ஆனால் அந்த வழக்கைப் பேசுவதற்கும் முதலில் உறுதி கையில் வேண்டும். தாளில்லாதவனின் முறைப்பாட்டை எந்தக் கச்சேரியும் ஏற்பதில்லை.

எங்கள் கதை எப்படி முடிந்தது என்று வாசகர்கள் கேட்பார்கள். ஆள்களத்தைப் பதிந்துதந்த இளைஞரைத் தேடினோம். அவர் கனடாவில் இருக்கிறார். கூட்டத்தில் அவரைப் பற்றிச் சிலர் பேசிய பேச்சு எழுதத் தகாதது. மூன்று வாரங்களின் பின் தொலைபேசியில் கிடைத்தார். ஒரு வார்த்தை மறுப்புச் சொல்லாமல் எல்லாவற்றையும் சங்கத்தின் பெயருக்கு மாற்றிக்கொடுத்தார். பிறகுதான் தெரிந்தது, ஒன்பது ஆண்டுகளாக வருடாந்தக் கட்டணத்தைத் தன் சொந்தப் பணத்திலிருந்தே செலுத்தி வந்திருக்கிறார். நாங்கள் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. அவர் ஒரு வருடம் மறந்திருந்தால் சங்கத்தின் பெயரை எவனோ ஒருவன் வாங்கியிருப்பான். நன்றிக்கடிதம் ஒன்று எழுதவேண்டும் என்று நான் பிரேரித்தேன். ஒருமனதாக நிறைவேறியது.

பக்கத்து வீட்டுப் பிள்ளை அந்த எழுத்துச்சரத்தைச் சேர்த்தாள். சில மணித்தியாலங்களில் உரித்து உறுதியாயிற்று. பக்கத்தைத் திறந்தால், மேலே சொன்னபடி, தரவு இல்லை! சிரித்துக்கொண்டே மற்ற மூன்று வரிகளையும் எழுதினாள். எங்கள் பெயரில் மடல் அனுப்ப உரிமையுள்ள கணினி எது என்று எங்குமே சொல்லப்பட்டிருக்கவில்லை என்பது அப்போதுதான் வெளிப்பட்டது. அன்று முதல் எங்கள் மடல்கள் பெரும்பாலும் உரிய பெட்டிக்கே போய்ச் சேருகின்றன. எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். இன்னும் சிலருக்குப் போவதில்லை. ஆனால் இப்போது காரணத்தைத் தேட எங்களிடம் திறப்பு இருக்கிறது.

சங்கங்களையும் சபைகளையும் சிறு பத்திரிகைகளையும் நடத்துகின்ற அன்பர்களுக்கு என் வேண்டுகோள். அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் ஒரு விடயத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆள்களம் யாருடைய பெயரில் பதியப்பட்டிருக்கிறது? டிஎன்எஸ் பதிவேட்டை யார் திறக்கிறார்? கட்டணம் எப்போது முடிவடைகிறது? பதிவேட்டில் இருக்கும் ஒவ்வொரு வரியையும் யார், எதற்காகச் சேர்த்தார்? இந்த நான்கு கேள்விகளுக்கும் விடையைக் கூட்ட அறிக்கையில் எழுதி, பொறுப்பு மாறும்போது வங்கிப் புத்தகத்தோடு சேர்த்து இதையும் கையளியுங்கள். ஒரு தனிமனிதரின் தலைக்குள் மாத்திரம் இருக்கவிடாதீர்கள்.

கண்டனத் தீர்மானத்தை அதன் பிறகு நிறைவேற்றலாம். நானே வழிமொழிகிறேன். ஆனால் தகனத்துக்கு வரமுடியாமற்போன அந்த நண்பர்களிடம், கூகிள்தான் காரணம் என்று சொல்ல என் மனச்சாட்சி இடந்தரவில்லை.